பெட்டியைப் பிரிக்கும் முன்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையின் முன்பக்கம் சேலைக்கடையும் பிரியாணி வாசமுமாக இருக்கும். பின்சந்துக்குள் நுழைந்தால் முகத்தில் அனல்தான் அடிக்கும். கடைவீடுகளின் பின்சுவர்களில் வரிசையாகத் தொங்கும் ஏர்கோன் கம்ப்ரசர்கள் வெந்த காற்றை ஊதிக்கொண்டே இருக்கின்றன. அறைக்குள்ளிருந்து வாரி வெளியே கொட்டப்பட்ட வெப்பம் அது. ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுகிறது. அதையே திருப்பி ஓட்டினால் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப். நார்வேயில் ஏராளமான வீடுகள் அதை வைத்தே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1 கிலோவாட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய 3 கிலோவாட் வெப்பத்தை நகர்த்தித் தரும் இந்தச் சாமர்த்தியம், அதைப் பொருத்துபவரின் கையை நம்பித்தான் இருக்கிறது. அந்தக் கைகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் வயதான தம்பதியின் வீடு. கிள்ளானிலிருந்து வந்த குழுவில் மூத்தவர் ஒருவர், வயர்மேன் ஒருவர், வேலை பழகும் தம்பி ஒருவர். புதுப் பெட்டிகள் அஞ்சடி நடைபாதையில் இறங்கின. மூத்தவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போய் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பழைய செங்கல் சுவர். சில இடங்களில் சத்தம் பொள்ளலாக வந்தது.

"இங்க ஆங்கர் போல்ட் புடிக்காதுக்கா. இன்னிக்கு நிக்கும், ரெண்டு வருசத்துல ஆடும். கீழ ஆள் நடக்குற சந்து."

சுவரை முழுதாகத் துளைத்து, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து முறுக்கும் நீள போல்ட்டுக்கு மாற்றினார். பிராக்கெட் துருப்பிடிக்காத எஃகு. நம் மழைக்கும் ஈரத்துக்கும் சாதா இரும்பு அரித்துப்போகும் என்பதை அவர் சொல்லவே தேவையில்லை. பக்கத்துச் சுவரில் செம்மண் நிறத்தில் ஒழுகிய கறையே போதும்.

உள்ளே வயர்மேன் மின்பலகையைத் திறந்து வைத்திருந்தார். பழைய ஏர்கோனுக்கு, சமையலறைப் பிளக்கிலிருந்து லைன் இழுத்திருந்தார்கள். மெயினை அணைத்தார், அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், அதற்கப்புறம்தான் விரலை வைத்தார். பலகையிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது. ஏர்கோன் மாட்டத் தெரிந்தவரெல்லாம் செய்துவிடக்கூடாது.

கழற்றிய பழைய இயந்திரம் ஆர்22 வாயுவில் ஓடியது. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவில் ஓடும் புதிய வீட்டு ஏர்கோன்களுக்கு மலேசியா 2015-லேயே கதவை அடைத்துவிட்டது. புதியது ஆர்32. அழுத்தம் பழையதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், லேசாகத் தீப்பற்றக்கூடியது. அதனால் பழைய செம்புக்குழாயை அப்படியே விட்டுச் சிக்கனம் பிடிக்கக்கூடாது. 22 கேஜ் குழாய் 0.71 மில்லிமீட்டர் தடிப்பு, 23 கேஜ் 0.61. மூத்தவர் கொண்டுவந்தது 22. விலை ஏறும் இடமும் இதுதான், பலர் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இறங்கிப்போகும் இடமும் இதுதான்.

தம்பி குழாயை வெட்டினான். வெட்டிய வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்துப் பிசிறைச் சுரண்டினான், செம்புத்தூள் உள்ளே விழாதபடி. நட்டை முதலில் நுழைத்துவிட்டுத்தான் குழாயின் வாயை விரித்தான். விரிந்த விளிம்பை மூத்தவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினார். ஒரு பக்கம் மயிரிழை போல் கீறல் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டையே நறுக்கிப் போட்டார். தம்பி மறுபடி விரித்தான். ஒரு சொட்டு எண்ணெய், கையால் முறுக்கல், பிறகு டார்க் ஸ்பேனர். 'டக்' என்றதும் நிறுத்தினான். அதற்கு மேல் முறுக்கினால் செம்பு நசுங்கிக் கசியும்.

அடுத்து நைட்ரஜன். அழுத்தம் ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். நைட்ரஜன் கைவசம் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றினால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். பழைய இயந்திரத்தின் வாயுவைக் கம்ப்ரசருக்குள் இழுக்கும்போது குழாய் திறந்திருந்து காற்று புகுந்தாலும் அதே ஆபத்துதான். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுந்தி, கம்ப்ரசரே வெடித்து ஆள் செத்துப்போன விபத்துகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன.

பிறகு வேக்கம் பம்ப். இங்கேதான் நேரம் போகும். வெளிக்காற்றின் அழுத்தம் 760,000 மைக்ரான். குழாய்க்குள் அதை 500-க்குக் கீழே இறக்க வேண்டும். அந்த அளவில், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரின் காயிலை அரித்துவிடும். எண் இறங்கியதும் மூத்தவர் பம்பை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். "கொஞ்சம் ஏறி நின்னா ஈரம். நிக்காம ஏறினா லீக்," என்றார். அன்றைக்கு எண் அசையவில்லை.

மேகம் கறுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமின்னல் யாருக்கும் தெரிந்ததுதான். வெளியே ஏணியில் இருந்தவனை மூத்தவர் உடனே இறக்கிவிட்டார். இன்னும் ஒரு திருகுதான் பாக்கி என்று தம்பி சொன்னது எடுபடவில்லை.

இந்த உழைப்புக்குக் கூலி என்ன? கடைக்காரர்கள் 'இலவசப் பொருத்தல்' என்று விளம்பரம் போட, வேலைக்காரர்களுக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு வெள்ளி என்று பேசிவிடுகிறார்கள். ஒரு நாளில் நாலைந்து வீடு முடித்தால்தான் கட்டும். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது வேக்கம். பம்பே போடாமல், புதிய வாயுவைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். அன்றைக்கு அறை குளிரத்தான் செய்யும். வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. சில மாதம் கழித்து 'கேஸ் டாப்-அப்' என்று ஒருவர் வருவார். வாயு தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் கசிவைக் காட்டச் சொல்லுங்கள்.

பில்லில் குழாய், போல்ட், வயர் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. அழுத்தச் சோதனைக்கும் வேக்கத்துக்கும்கூட மூத்தவர் தனி வரி போட்டிருந்தார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, அந்த இரண்டு வரிகளில் விரல் வைத்து விளக்கம் கேட்டார். மூத்தவர் மீட்டரை எடுத்துவந்து, எண் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.