எவ்வளவு கசக்குவது?

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் சுங்கை பாலாஸ் தேயிலை ஆலைக்குள் போனால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் விழித்துக்கொள்கிறது. மணிக்கணக்காகக் காற்றில் வாடித் துவண்ட கொழுந்து, உருட்டு இயந்திரத்தில் வட்டமடித்து நசுங்குகிறது. இலையின் உயிரணுக்கள் உடைய, அதுவரை தனித்தனியே இருந்த கேட்டெச்சின் என்ற வேதிப்பொருள்களும் நொதியும் கலக்கின்றன. காற்றுப் பட்டதும் பச்சை மெல்லச் செம்பு நிறமாகிறது. நாம் குடிக்கும் தேநீரின் நிறம், துவர்ப்பு, மணம் எல்லாம் இந்தக் காயத்திலிருந்து பிறந்தவை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்தின் ஆலை இது. எந்த ஆலையானாலும் ஏறக்குறைய 5 கிலோ கொழுந்து சுருங்கித்தான் 1 கிலோ தூளாகிறது. ஆனால் தொழிலின் நுட்பம் இந்த அளவில் இல்லை, இலையை எவ்வளவு கசக்குவது, எப்போது நிறுத்துவது என்று தெரிவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதற்கு எதிர்முனைச் சாட்சி புதினா. அமெரிக்காவின் கென்டக்கியில் பெயர்பெற்ற மின்ட் ஜூலெப் என்ற மதுக்கலவையை வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தில்தான். நான்கு கொத்துப் புதினா, ஒரு தேக்கரண்டி பொடித்த சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி தண்ணீர், 60 மில்லி பூர்பன் விஸ்கி, குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டி, அவ்வளவுதான் பொருள்கள். துவையலுக்கு அரைப்பதுபோல் இடித்தால் பச்சைக் கசப்பு இறங்கிவிடும். புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. கரண்டியின் பின்புறத்தால் நாலைந்து முறை மெல்ல அமுக்கினாலே வெளிவந்துவிடும். தேயிலைக்கு உள்காயம் வேண்டும், புதினாவுக்குத் தொட்டால் போதும்.

இதே பானத்தில் விஸ்கிக்குப் பதில் இந்த மலையின் தேநீரை ஊற்றலாம். இரண்டு தேக்கரண்டித் தூளை 150 மில்லி கொதிநீரில் நான்கு நிமிடம் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். சாராயம் கரைக்கும் அளவுக்குத் தண்ணீர் வாசனை எண்ணெயைக் கரைக்காதே என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் தேநீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, சர்க்கரையோடு அமுக்கிய புதினாவின்மேல் ஊற்ற வேண்டும். ஆறியபின் பனிக்கட்டி போட்டு, உள்ளங்கையில் ஒருமுறை தட்டிய புதினாக் கொத்தை மேலே செருகினால், நாக்குக்குக் குறைந்ததை மூக்கு ஈடுகட்டும். மொராக்கோ மக்கள் பச்சைத் தேயிலையையும் புதினாவையும் ஒரே கெண்டியில் போட்டுப் பழகியவர்கள், ஆகவே இந்த ஜோடி புதிதல்ல.

கூலியைக் கள்ளுக்கடை விழுங்கிய தோட்ட மண்ணில் நின்று மதுவைப் பேசலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1941-இல் கிள்ளான் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டக் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஆனால் ஜூலெப் என்ற சொல்லே பன்னீரைக் குறிக்கும் பாரசீக ‘குலாப்’ அரபி வழியாகத் திரிந்து வந்தது. விஸ்கி பிற்பாடு சேர்ந்ததுதான், தேநீர் ஜூலெப்பைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

கசக்கத் தெரிவதே நுட்பம் என்ற என் கட்சிக்கு எதிரான இன்னொரு வாதம் வலுவானது: சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் பிடித்து நகரும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது, உருட்டுவதும் இயந்திரம், இதில் கைத்திறன் எங்கே? திறன் கொழுந்து ஆலைக்கு வந்துசேரும் வழியில் இருக்கிறது. பறித்த கொழுந்தை மூட்டையில் திணித்து அமுக்கினால், அது சூடேறி, ஆலைக்கு வருமுன்பே சிவந்து கெடும். அதே காயம்தான், காலம் தப்பிப் பட்டது. ஒருகாலத்தில் தமிழர்கள் அந்த மூட்டையைத் தளர்வாகக் கட்டிச் சரிவில் சுமந்தார்கள், இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் சுமக்கிறார்கள். எடைக்குக் கூலி என்ற முறையோ, அமுக்கி நிரப்பத்தான் தூண்டுகிறது. கூலியில் எடைக்கு ஒரு பங்கு இருக்கட்டும், சிவக்காமல் வந்துசேர்ந்த கொழுந்துக்கும் ஒரு பங்கு வேண்டும்.