சிறு உருவம், பெரும் நெஞ்சுரம்



நேற்று சமயநல்லூர் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். உருவத்தில் சிறிய சண்டை வீரர்களில் யார் கெட்டி? "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்கள். என் வரிசை இது.

மூன்றாமிடம் ரவிக்குமார் தஹியா. 57 கிலோ மல்யுத்தம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் எதிராளி கையைக் கடித்தும் பிடியை விடவில்லை. வெள்ளியோடு திரும்பினார்.

இரண்டாமிடம் மேரி கோம். ஆறு முறை உலக சாம்பியன். 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டையின் குறைந்த எடைப் பிரிவே 51 கிலோ. இரட்டைப் பிள்ளைகளின் தாயான அவர், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு மோதி வெண்கலம் வென்றார்.

முதலிடம் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ். 1952 ஹெல்சின்கியில் வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. பயணத்துக்குப் பணமில்லாமல் அவர் தவித்தபோது, கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்து 7000 ரூபாய் கொடுத்தார்.

அதைப் படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. ஒரு வருஷம் கபடி அணிக்கு ஆள் எடுத்தபோது, வரிசையில் கடைசியாக நின்ற குட்டைப் பையனை ஒதுக்கிவிட்டேன். "ஒரே ஒரு தடவை பாடிட்டு வரேன் சார்" என்று கெஞ்சினான். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வருஷம் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

அந்த முதல்வர் வீட்டையே கொடுத்தார். நான் ஒரு வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், திட்டியாவது ஒரு வரி எழுதப்பா.

அன்புடன்,
உங்கள் சார்