கயிற்றுக்கு ஓர் இடம்

தியானப் பகுதி: எரேமியா 38:6–13



நம்முடைய சபையின் சகோதரர் ஒருவர் சில மாதங்களாகத் தம் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பிக்கப் வாகனத்தைச் சீர்ப்படுத்தி வருவதை உங்களில் பலர் அறிவீர்கள். தார்ச்சாலை முடிந்துபோகிற மலைக்கிராமங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுசெல்ல அதை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது அவருடைய வாஞ்சை. ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு நம் வாலிபர்கள் சிலரும் அங்கே போய்க் கைகொடுக்கிறார்கள். "ஒரு வண்டிக்காக இவ்வளவு நேரமும் பணமும் செலவிடுவது தகுமா ஐயா?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காணும்படி அந்த வேலையை அருகிலிருந்து கவனித்தேன். அங்கே கண்ட ஒரு காரியம் வண்டியைவிட நம்முடைய சபையைக் குறித்தே என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது.

கரடுமுரடான பாதைக்கு ஒரு வாகனத்தை ஆயத்தப்படுத்துவது என்றவுடன், அதை உயர்த்துவதும், பெரிய டயர்களைப் பூட்டுவதும், கூரையின்மேல் வரிசையாக விளக்குகளை வைப்பதுமே நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் உயரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. வண்டியை உயர்த்தினால் அதன் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. பக்கவாட்டுச் சரிவில் அது எளிதாகக் கவிழ்ந்துவிடக்கூடும். பிரேக் குழாய்கள் இழுபடும். எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் கோணமும் மாறிவிடும். சட்டமும் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகையால் நம் சகோதரர் வண்டியை உயர்த்தவில்லை. எது அனுமதிக்கப்பட்டது என்று முதலில் விசாரித்து அறிந்துகொண்ட பின்பே வேலையைத் தொடங்கினார். ஊழியத்துக்கான வண்டி என்பதால் சட்டம் நமக்குத் தளர்ந்து கொடுக்கும் என்று எண்ணாத அந்த மனப்பான்மை ரோமர் 13-ஆம் அதிகாரத்துக்கு ஏற்றது.

அவர் வாலிபர்களுக்கு முதலாவது கற்றுக்கொடுத்தது, காற்றை இறக்குவதை. சாலையில் ஓடும்போது இத்தகைய டயர்களில் பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று இருக்கும். மணலில் அதை 18 அளவுக்கும், தேவைப்பட்டால் 15 அளவுக்கும் குறைக்கிறார்கள். அப்போது டயர் தளர்ந்து நீளமாகத் தரையில் படிகிறது. வண்டியின் பாரம் பரந்த இடத்தில் பகிரப்படுகிறது. விறைத்து நிற்கிற டயர் மணலைத் தோண்டித் தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும். தளர்ந்து கொடுக்கிற டயரோ கடந்துபோகும். திரும்பவும் தார்ச்சாலைக்கு வரும்போது காற்றை நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெட்டுப்போகும்.

ஆனால் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது அதுவல்ல. வண்டியின் முன்புறத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக, சேஸிஸோடு சேர்த்து உறுதியான போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட இரண்டு கொக்கிகள். அவை வண்டியை ஓட்டுவதற்கு உதவுவதில்லை. அழகும் சேர்ப்பதில்லை. ஒருநாள் இந்த வண்டி சிக்கிக்கொள்ளும், அப்போது வேறொருவர் வந்து இதை இழுக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதற்காகவே அவை அங்கே இருக்கின்றன. "புறப்படும் முன்னே இதைப் பொருத்திவிட வேண்டும் ஐயா. சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்த பிறகு, அடியில் படுத்துக் கொக்கி மாட்ட முடியாது" என்றார் அவர்.

கயிற்றை எங்கே வேண்டுமானாலும் கட்டிவிடலாகாது. பம்பரில் கட்டினால் பம்பர்தான் கழன்று வரும். டிரெய்லர் பூட்டுகிற உருண்டையில் கட்டி வெடுக்கென்று இழுத்தால், அது முறிந்து தோட்டாவைப்போலப் பறந்து உயிரையே பறித்துவிடக்கூடும். வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிற சட்டத்தில்தான் கயிற்றுக்கு இடம் இருக்க வேண்டும்.

பாதையில்லா நிலத்தில் பயணம் செய்தவர்கள் இதை வெகுகாலமாகவே அறிந்திருக்கிறார்கள். ரால்ஃப் பாக்னால்ட் என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி 1920-களில் லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளுக்குள் ஃபோர்டு கார்களில் சென்றவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1940-ல், அவர் எகிப்தில் ஒரு பாலைவனப் படைப்பிரிவை ஏற்படுத்தினார். அதற்காகச் செவர்லே லாரிகளின் கதவுகளையும் கூரையையும் முன்கண்ணாடியையும் அகற்றினார்கள். ஸ்பிரிங் பட்டைகளை வலுப்படுத்தினார்கள். கொதிக்கிற ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியைக் குளிரவைத்துத் திரும்ப நீராக்கிச் சேமிக்க ஒரு கலத்தை இணைத்தார்கள். மணலில் புதைந்த சக்கரத்தின்கீழ் வைப்பதற்கான நீண்ட எஃகுத் தகடுகளையும் ஏற்றிச் சென்றார்கள். அந்தப் பாலைவனத்தை நன்றாய் அறிந்தவர்கள், "நாங்கள் புதைய மாட்டோம்" என்று சொல்லவில்லை. புதைவோம் என்று அறிந்தே புறப்பட்டார்கள்.

பிரியமானவர்களே, இப்பொழுது எரேமியாவைப் பாருங்கள். அவர் பாவம் செய்து துரவில் விழுந்தவர் அல்ல. கர்த்தருடைய வார்த்தையை உள்ளபடி சொன்னதற்காக இறக்கிவிடப்பட்டவர். அந்தத் துரவில் தண்ணீர் இல்லை, சேறு மாத்திரமே இருந்தது. தீர்க்கதரிசி அதில் அமிழ்ந்தார். விசுவாசியாகிய நான் சேற்றில் அமிழலாமா என்று கலங்குகிறவர்களுக்கு இதுவே பதில். ஆண்டவரால் அழைக்கப்பட்டவரும் அமிழ்ந்தார். அவரை மேலே கொண்டுவந்தது, அரசனிடத்தில் துணிந்து பரிந்துபேசிய எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியரும், அவரோடு போன முப்பது மனிதரும், சில கயிறுகளுமே.

அங்கே நடந்த ஒரு சிறிய காரியத்தைக் கவனியுங்கள். எபெத்மெலேக் கயிற்றை மட்டும் இறக்கவில்லை. பழைய கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்கினார். கயிறு உரசிப் புண்படுத்தாதபடி அவற்றை அக்குள்களில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். எரேமியாவும் அப்படியே செய்தார். மேலே நின்றவரிடம் கரிசனை இருந்தது. கீழே கிடந்தவரிடம் தன்னை இழுக்க ஒப்புக்கொடுக்கும் மனத்தாழ்மை இருந்தது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மீட்பு நிறைவேறியிராது.

நம் சபையிலே ஞாயிறுதோறும் சிரித்த முகத்தோடு கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்களில் சிலர் கழுத்தளவு சேற்றில் நிற்கிறார்கள். ஒருவருடைய வீடு கடனுக்காக ஏலத்துக்கு வரும் நிலையில் இருக்கிறது. ஒரு தாய் தன் மகனுடைய குடிப்பழக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் உறங்காதிருக்கிறாள். பேச்சே அற்றுப்போன கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பாடுகிறார்கள். அவர்களுக்குக் குறைவுபடுவது விசுவாசம் என்று நான் நினைக்கவில்லை. கயிற்றைக் கட்ட ஓர் இடம் அவர்களிடத்தில் இல்லை. யாரும் தங்களை இழுக்க வேண்டியிராது என்பதுபோலவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். சிக்கிக்கொண்ட பிறகோ, நமக்குக் கொடுக்கப்படுவது பம்பர் மாத்திரம்: "எல்லாம் நலம்தான் ஐயா" என்கிற மெல்லிய வார்த்தை.

ஆகவே, இந்த வாரத்தில் நீங்கள் ஒன்றைச் செய்யும்படி வேண்டுகிறேன். காரியங்கள் நலமாயிருக்கும்போதே, உங்கள் வாழ்வின் பாரத்தை உள்ளபடி அறிந்த ஒருவரையாவது தேர்ந்துகொள்ளுங்கள். "நான் அமிழ்ந்தால் உம்மிடம் சொல்வேன், நான் சொல்லாவிட்டாலும் நீர் வந்து கேட்கலாம்" என்று அவரிடம் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே அமிழ்ந்துகொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: காலம் கடந்துவிடவில்லை. எரேமியாவுக்கும் கயிறு இறங்கியது துரவுக்குள்ளேதான். இன்றிரவே ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இழுக்கும்படி அழைக்கப்படுகிறவர்களே, வெடுக்கென்று இழுக்காதிருங்கள். அறிவுரையைக் கயிறாக வீசும் முன்னே, அது உரசும் இடத்துக்குக் கந்தைத் துணியையும் தேடுங்கள். கேட்டதை வெளியே சொல்லாத வாயும், கணக்குப் பார்க்காத கையுமே அந்தத் துணி.

வண்டிக்கு ஆகும் செலவு தகுமா என்று கேட்டீர்கள். மலையிலே காத்திருக்கிறவர்களைச் சென்றடைந்து, பத்திரமாய்த் திரும்பி வருமானால் தகும் என்பதே என் பதில். அந்த வண்டிக்கு இரண்டு கொக்கிகள் உண்டு. உங்களுக்கு?

ஜெபம்: சேற்றில் அமிழ்ந்தவர்களைக் காண்கிற ஆண்டவரே, இழுக்கப்படுவதற்கு ஒப்புக்கொடுக்கும் தாழ்மையையும், புண்படுத்தாமல் இழுக்கும் அன்பையும் எங்கள் சபைக்குத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.