உப்பும் ஒரு சிறு சுரப்பியும்

ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது மிக எளிது. அதற்குச் சாட்சியும் வேண்டியதில்லை, விசாரணையும் வேண்டியதில்லை. காலையில் நேரஞ்சென்று எழுந்தால் போதும். சொன்னதை இரண்டு முறை மறந்தால் போதும். வீடே கூடித் தீர்ப்பு வழங்கிவிடும். குணமென்றும் குறையென்றும் நாம் பெயரிட்டு வைத்திருப்பவற்றுள் எத்தனை உள்ளத்தைச் சேர்ந்தவை, எத்தனை உடலைச் சேர்ந்தவை என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

என் தந்தையாரின் தமக்கை ஒருவர் இருந்தார். என் பாட்டனார் மத்துகமப் பகுதியில் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் இலிகிதராக இருந்தமையால், மாமி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். விவாகமாகி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதே அவருடைய கழுத்து சற்றுப் பருத்திருந்தது. அதை அழகென்று சொன்னவர்களும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியதும் மாமியின் நடை தளர்ந்தது, குரல் கம்மியது, முகம் ஊதியது. சித்திரை மாதத்து வெயிலில், நாங்கள் விசிறியைக் கீழே வைக்காதிருக்கையில், அவர் போர்வையைத் தேடுவார். உலையில் அரிசி போட்டோமா இல்லையா என்பது அவருக்கு நினைவிராது. "இவவுக்குச் சோம்பல் முற்றிப்போச்சு" என்று பெரியவர்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். மாமி மறுத்துப் பேசவில்லை. தாமும் அதையே நம்பிவிட்டார் என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையே நோயிலும் கொடியது.

1974ஆம் ஆண்டில் வேறொரு காரியமாக அவரைப் பார்த்த வைத்தியர் ஒருவர், கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சோம்பல் அல்ல, தைரொயிட்டுச் சுரப்பி வேலைசெய்யவில்லை" என்றார். நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு சிறு வெண்குளிசை. அவ்வளவுதான் சிகிச்சை. மூன்று மாதத்துள் மாமி பழையபடி படலையடியில் நின்று மீன்காரனுடன் பேரம் பேசினார். வீட்டிலுள்ளோர் அதைக் கேட்டு வியந்தனரேயன்றி, முன்பு சொன்ன சொற்களை எவரும் திரும்பப் பெறவில்லை.

இத்தகைய அதிசயத்தை முதன்முதலில் நிகழ்த்திக் காட்டியவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து இளம் வைத்தியர் ஜோர்ஜ் மரே. 1891இல், மாமியைப் போலவே தளர்ந்து, ஊதி, மந்தித்துப்போன நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண்மணி தேறியெழுந்து, 1919 வரை, தம் எழுபத்துநான்காவது வயது வரை வாழ்ந்தார். அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயினவாம்! பின்பு, 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, அமெரிக்காவில் எட்வேட் கெண்டல் என்பார் அச்சாற்றின் சாரத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று தொன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் மட்டுமே. அதுவே தைரொக்சின் என்னும் ஓமோன். ஓமோன் என்ற சொல்லே 1905இல்தான் வழக்குக்கு வந்தது.

தைரொயிட் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது. அதன் நிறை சுமார் இருபது கிராம். உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, வளர்ச்சி, மூளையின் விருத்தி யாவும் அதன் சொற்படி நடக்கின்றன. 1912இல் குடர்னாட்ச் என்னும் ஆய்வாளர் தவளைக் குஞ்சுகளுக்குக் குதிரையின் தைரொயிட்டை உணவாக இட்டார். அவை வளர்வதற்கு முன்னரே வாலை இழந்து, காலைப் பெற்று, ஈயளவு தவளைகளாகிவிட்டன. சுரப்பியை நீக்கிவிட்டாலோ, அவை காலமெல்லாம் வாலோடு நீந்துமேயன்றித் தவளையாவதில்லை. மாணவர்கள் இந்த ஒரு பரிசோதனையை நினைவில் வைத்தாற்கூட, ஓமோன் என்பது யாதென விளங்கிக்கொள்வர்.

தைரொக்சினின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. அயடீன் இல்லையேல் தைரொக்சின் இல்லை. அது குறையும்போது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, "சுர, இன்னும் சுர" என்று தைரொயிட்டை விரட்டுகிறது. கொடுக்கப் பொருளில்லாத அந்த ஏழைச் சுரப்பி, தன் உடலைப் பெருக்கியாவது கட்டளையை நிறைவேற்ற முயல்கிறது. அந்த முயற்சியின் வீக்கமே கண்டக்கழலை. மாமியின் கழுத்தில் நாங்கள் கண்ட அழகு அதுதான்.

அயடீன் ஏன் குறைகிறது? மண்ணிலே அது இல்லாதபோது, அம்மண்ணில் விளையும் நெல்லிலும் கீரையிலும் அது எங்ஙனம் இருக்கும்? ஆண்டுதோறும் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நம் நாட்டின் ஈரவலயத்தில், மழை மண்ணின் அயடீனைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணம். 1980களின் பிற்பகுதியில் பதினேழு மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்குப் பதினெண்மருக்கு மேல் கழலை காணப்பட்டது. களுத்துறை மாவட்டத்தில் அது முப்பது வீதத்தை எட்டியது. களுத்துறை கடலை அடுத்த மாவட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடற்காற்று மட்டும் கழலையைத் தடுத்துவிடாது.

இந்நோய்க்கு மருந்து உப்பிலேயே உண்டென்று காட்டியவர்கள் சுவிற்சர்லாந்தின் மலைநாட்டு வைத்தியர்கள். ஒட்டோ பயார்ட் என்பவர் 1918இல் அயடீன் கலந்த உப்பைக் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு மலைக்கிராமமொன்றுக்குச் சென்று, குடும்பங்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். "உப்பில் நஞ்சைக் கலக்கிறார்கள்" என்று அங்கும் கூக்குரல் எழுந்தது. எனினும் 1922இல் அத்தகைய உப்பு அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கழலையோடும், அதனினும் கொடிய மந்தபுத்தியோடும் பிள்ளைகள் பிறந்த பள்ளத்தாக்குகளில் அத்துயரம் மறையலாயிற்று. இலங்கையில் மனிதர் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்க்க வேண்டுமென்ற விதி 1995இல் நடைமுறைக்கு வந்தது. மாமிக்கு அது காலங்கடந்த நன்மை.

சூழல் இச்சுரப்பியை வருத்துவது இல்லாமையினால் மாத்திரமன்று. வேண்டாத பொருள் வந்து சேர்வதாலும் வருத்துகிறது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயடீன் காற்றில் பரவிப் புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் இறங்கியது. பாலைக் குடித்த குழந்தையின் கழுத்தில் போய்த் தங்கியது. தைரொயிட்டுக்கு நல்ல அயடீன் எது, தீய அயடீன் எதுவென்று தெரியாதன்றோ? உணவில் அயடீன் குறைந்த ஊர்களின் பிள்ளைகள் பசித்தவர் உண்பதுபோல் அதை ஏற்றுக்கொண்டனர். அயலிலுள்ள போலந்தில் விரைந்து செயற்பட்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயடீனை ஊட்டினார்கள். பெலாரஸ், உக்ரேன், ரஷ்யா ஆகியவற்றின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலோ, அன்று பிள்ளைகளாக இருந்தவர்களுள் 2005 வரையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் காணப்பட்டது. அவற்றுள் பெரும்பங்கு அந்தப் பாலின் பயன் என்று கருதப்படுகிறது.

மின்மாற்றி எண்ணெயிலே ஒருகாலத்தில் தாராளமாகச் சேர்க்கப்பட்ட பீ.சீ.பீ. என்னும் இரசாயனங்களோ, தைரொக்சினின் சாயலைக் கொண்டு, இரத்தத்தில் அது ஏறிச் செல்லும் வாகனத்திலே தாம் ஏறிக்கொள்கின்றன. இவைபோன்ற பொருள்களுக்கு 'அகஞ்சுரக்கும் தொகுதியைக் குழப்புவன' என்ற பொருள்படும் பெயர் 1991இல், அமெரிக்காவின் விஸ்கொன்சினில் தியோ கொல்போர்ன் அம்மையார் கூட்டிய மாநாட்டில் சூட்டப்பட்டது. அவ்வம்மையார் மருந்தாளராக இருந்து, ஐம்பத்தெட்டாவது வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். படிக்க வயது போய்விட்டது என்போர் கவனிக்க.

இத்தனையும் எழுதத் தூண்டியவள் என் பெறாமகள். அவள் இப்போது மூன்றாம் மாதக் கர்ப்பிணி. சென்ற மாதம் அவளுடைய அடுக்களைக்குப் போயிருந்தேன். உப்புப் போத்தலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ மினுங்கியது. "இந்துப்பு, பெரியம்மா. இயற்கையானது. கடையுப்பிலே இரசாயனம் கலக்கினமாம்" என்றாள். அவளுடைய மாமியார், "இதுவும் கூடாது, அதுவும் கூடாது. ஆனையிறவுக் கல்லுப்பைக் கழுவிப் போட்டால் போதும். கடலில் இல்லாத அயடீனா?" என்றார்.

நான் தாளையும் பென்சிலையும் எடுத்தேன். ஆசிரியத் தொழில் விட்டாலும் பழக்கம் விடுவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் அயடீன் சுமார் 60 மைக்குரோகிராம். உப்பு 35 கிராம். அந்த அயடீன் முழுவதும் உப்போடு தங்கினாற்கூட, ஒரு நாளைக்கு நாம் உண்ணத்தக்க 5 கிராம் உப்பில் ஒன்பது மைக்குரோகிராமும் இராது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150, கர்ப்பிணிக்கு 250. அயடீன் சேர்த்த உப்பில், கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று கொண்டால், அதே 5 கிராம் 150ஐத் தந்துவிடும். மீதியை மீனும் முட்டையும் பாலும் தரும். கல்லுப்பில் சேர்த்த அயடீனோ பளிங்கின் மேற்புறத்திலேயே பெரிதும் இருப்பது. கழுவினால் கழுநீரோடு போய்விடும். இந்துப்பில் பெரும்பாலும் எவரும் அதைச் சேர்ப்பதேயில்லை.

"முதல் மூன்று மாதமும் உன் பிள்ளைக்குச் சொந்தத் தைரொக்சின் இல்லை, உன்னுடையதைக் கொண்டுதான் அதன் மூளை வளர்கிறது" என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்படியானால் அயடீன் மாத்திரையை நானே வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்டாள். அது வைத்தியர் சொல்ல வேண்டியது. அளவு மிஞ்சினாலும் இச்சுரப்பி குழம்பும் என்றேன். மறுநாளே தாய்சேய் நல நிலையத்துக்குப் போய், கழுத்தையும் காட்டி, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதுவித்துக்கொண்டு வந்தாள்.

அடுக்களையில் இப்போது மூடியுள்ள போத்தலில், அடுப்புக்கு எட்ட, அயடீன் உப்பு இருக்கிறது. மாமியார் அதைக் கழுவுவதில்லை, முணுமுணுக்கிறார், அவ்வளவே. இந்துப்பை எறிய மனமின்றி, மாலையில் வெந்நீரில் கரைத்துத் தம் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார்.