டைனர் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வீதிகளில் பயணம் செய்வோர் 'டைனர்' என்ற பெயர்ப் பலகையை அடிக்கடி காண்பர். புகையிரதப் பெட்டியொன்றைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி வீதியோரத்தில் வைத்தது போன்ற நீளமான சிறு கடை. உள்ளே ஒரு நீண்ட மேசை, அதன் முன்னால் நிலத்தோடு பொருத்திய சுழலும் இருக்கைகள். மேசைக்கு அந்தப் பக்கம் அடுப்பும் கோப்பிப் பாத்திரங்களும் இருக்கும். காலை உணவை அந்தியிலும் கேட்டு வாங்கலாம்.

2022 ஆம் ஆண்டு புரட்டாதியில், நியூ ஜேர்சியில் வசிக்கும் என் பெறாமகளோடு ரோட் ஐலண்ட், மசாசூசெட்ஸ், நியூ ஜேர்சி, பென்சில்வேனியா ஆகிய நான்கு மாநிலங்களில் பத்து நாட்கள் காரில் சுற்றினேன். பழைய டைனர்களைத் தேடிப் போவது அவளுக்கு ஆசை. அவளோடு போவது எனக்கு ஆசை.

இந்தக் கடைகளின் கதை ரோட் ஐலண்டின் தலைநகரான புரொவிடன்ஸில் தொடங்குகிறது. 1872 இல் வோல்டர் ஸ்கொட் என்பவர் குதிரை வண்டியொன்றில் உணவு வைத்து, பத்திரிகை அலுவலகமொன்றின் வாசலில் இரவு நேரங்களில் விற்கத் தொடங்கினார். இரவு வேலை செய்பவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு கடை திறந்திருக்காது. சில ஆண்டுகளில் ஆட்கள் உள்ளே ஏறி நின்று உண்ணக்கூடிய வண்டிகள் வந்தன. 1890களில் நியூயோர்க்கில் மதுவிலக்குச் சங்கத்தார் இத்தகைய வண்டிகளை நடத்தினார்கள். இரவில் பசிக்கிற தொழிலாளி மதுக்கடைக்குள் நுழையாமல் மலிவாகச் சாப்பிட்டு வீடு போய்ச் சேரட்டும் என்பது அவர்களது எண்ணம். கணவனின் வாரச் சம்பளத்தைக் காத்திருந்த எத்தனை பெண்களுக்கு அந்த வண்டிகள் உதவினவோ!

பிறகு வண்டிச் சில்லுகள் கழன்றன, கடை ஓரிடத்தில் நின்றது. ஆனாலும் அதைக் கட்டியது தொழிற்சாலையில்தான். மேசை, இருக்கை, அடுப்பு எல்லாம் பொருத்தி முடித்து, புகையிரதத்திலோ லொறியிலோ ஏற்றி அனுப்பி விடுவார்கள். அவை ஒடுங்கி நீண்டிருப்பதற்கு இதுவே காரணம். மசாசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 1906 இல் தொடங்கிய கொம்பனி ஒன்று மட்டும் அறுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டைனர்களைச் செய்து அனுப்பியதாம்.

நாங்கள் முதலில் பார்த்தது ரோட் ஐலண்டின் போட்டக்கெற் நகரிலுள்ள 'மொடர்ன் டைனர்'. கடுஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் பூசி, வேகமாக ஓடும் புகையிரதத்தின் மூக்கைப் போல முன்புறம் சரிந்திருக்கும். தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது டைனர் இது, 1978 இல். கோயிலும் கோட்டையும் ஏறுகிற ஏட்டில் ஒரு முட்டைப் பொரியல் கடை! அடுத்த நாள் வூஸ்டரில் 'மிஸ் வூஸ்டர்' என்ற கடைக்குப் போனோம். அந்தப் பழைய தொழிற்சாலை இருந்த இடத்துக்கு நேரெதிரே, 1948 இல் செய்து வைத்த கடை. எனாமல் பூசிய தகடுகள் இன்னும் மங்கவில்லை.

'மிஸ்' என்ற பெயர் பல பழைய டைனர்களுக்கு உண்டு. காரணத்தைத் தேடிப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. தொடக்கத்தில் இவை ஆண்களின் கடைகள். சமைத்தவனும் ஆண், தின்றவனும் ஆண். குடும்பப் பெண் ஒருத்தி உயரமான இருக்கையில் ஏறி, லொறிச் சாரதிகளோடு தோளுக்குத் தோள் அமர்ந்து உண்பதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. 1920களில் வியாபாரத்தைப் பெருக்க நினைத்த முதலாளிமார் 'பெண்களும் வரலாம்' என்று பலகை எழுதி வைத்தார்கள். தனியாக அமர மேசைகள் போட்டார்கள், சன்னலில் பூச்சாடி வைத்தார்கள், பெண்பிள்ளையின் பெயர்போல ஒரு பெயரும் வைத்தார்கள். அதன் பிறகே பெண்கள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் பக்கம், பரிமாறும் வேலைக்கு, அவர்கள் பெருந்தொகையாக வந்தது இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போன காலத்தில்.

பெண்களுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்து விடவில்லை. 1961 ஆனி மாதம், ஆபிரிக்க நாடான சாட்டின் தூதுவர், தம் நியமனப் பத்திரத்தை ஜனாதிபதி கென்னடியிடம் கையளிக்க வாஷிங்டன் நோக்கிக் காரில் போய்க்கொண்டிருந்தார். மேரிலண்ட் மாநிலத்தில் 40 ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு டைனரில் கோப்பி கேட்டார். கறுப்பர் என்பதால் கொடுக்க மறுத்து விட்டார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது. மாணவர்கள் அந்த வீதியில் கடை கடையாகப் போய் அமர்ந்து போராடினார்கள். 1964 இல் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே நாடு முழுவதும் இத்தகைய மறுப்புச் சட்டவிரோதமாயிற்று. இப்போது அந்தப் பழைய காலத்தை நினைவூட்டவென்றே புதுக் கடைகள் கட்டுகிறார்கள். 1986 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'ஜொனி ரொக்கற்ஸ்' அப்படியான ஒன்று. சிவப்பு இருக்கை, பாட்டுப்பெட்டி, வெள்ளைத் தொப்பி எல்லாம் உண்டு. அந்தக் காலம் யாருக்கு இனித்தது என்பது சுவரில் தொங்கும் படங்களில் தெரியாது.

உண்மையான பழைய கடைகளில் இந்த அலங்காரம் குறைவு. இருக்கை கிழிந்தால் ஒட்டுப் போட்டிருப்பார்கள். நியூ ஜேர்சியில் பல டைனர்களைக் கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் நடத்துகின்றன. உணவுப் பட்டியல் ஒரு பாடப்புத்தகம் அளவுக்கு நீளும். என் பெறாமகள் டைனர் பாஷையும் சொல்லித் தந்தாள். வாட்டிய பாணில், கோதை உடைத்துக் கொதிநீரில் வேகவைத்த இரண்டு முட்டை வேண்டுமென்றால் முன்பெல்லாம் 'தெப்பத்தில் ஆதாமும் ஏவாளும்' என்று அடுப்படிக்குக் கூவுவார்களாம். ஒறேஞ்சு நிறக் கைப்பிடியுள்ள பாத்திரத்தில் இருப்பது கஃபெயின் நீக்கிய கோப்பி. கோப்பிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும், கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பென்சில்வேனியாவில் ஒரு சிறு நகரத்துக் கடையில் எங்களுக்கு அப்படி ஊற்றியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். என்னையும் 'ஹனி' என்றார், பக்கத்தில் இருந்த பொலிஸ்காரரையும் 'ஹனி' என்றார். இடது கையில் மூன்று தட்டுகளை அடுக்கி, வலது கையில் கோப்பிப் பாத்திரத்தோடு அவர் நடந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்காலுக்குப் பட்டி கட்டியிருந்தார்.

நாங்கள் சாப்பிட்டது இருபத்துநான்கு டொலருக்கு. என் பெறாமகள் காசைக் கொடுத்துவிட்டு, கோப்பையின் கீழே தனியாக ஆறு டொலர் வைத்தாள்.

"இவ்வளவு சந்தோசம் குடுக்க வேணுமோ?" என்று கேட்டேன்.

"சின்னம்மா, இது சந்தோசம் இல்லை. இதுதான் அவவின்ரை சம்பளம்" என்றாள்.

காரில் ஏறிய பிறகு விபரமாகச் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூன்று வருடம் ஒரு டைனரில் அவளும் பரிமாறியவள். அமெரிக்காவில் மத்திய சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 7.25 டொலர், 2009 முதல். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டொலர் மட்டுமே. 1991 முதல் அது ஒரு சதமும் ஏறவில்லை. சில மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்தப் பாகுபாடே இல்லை. பென்சில்வேனியாவில் 2.83 டொலர். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ ஆயிரம் ரூபா. எமக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் அந்தக் கடையில் ஒரு கோப்பியின் விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியை வந்து உண்பவர் கொடுக்க வேண்டும். டிப்ஸ் போதாவிட்டால் 7.25 வரை முதலாளி நிரவ வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. அதை வாய் திறந்து கேட்டவளுக்கு அடுத்த கிழமை நல்ல நேரத்தில் வேலை கிடைக்காது என்று அவள் சொன்னாள்.

"எட்டுப் பேர் வந்து இரண்டு மணித்தியாலம் இருந்து, ஒரு சதமும் வைக்காமல் போனதும் இருக்கு. ஒருத்தன் வந்தால் கையைப் பிடிச்சுத்தான் கதைப்பான். அவனுக்கும் சிரிக்க வேணும். அவன் இருபது டொலர் வைப்பான், அன்றைக்கு எனக்குப் புத்தகக் காசு அதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடங்களாக அவள் அம்மாவுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அந்த மூன்று வருடமும் என் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, மகள் படிப்போடு சின்ன வேலையொன்றும் பார்க்கிறாள், அங்கே பிரச்சினை ஒன்றுமில்லை என்று.

அதன் பிறகு எந்த டைனரில் அமர்ந்தாலும் என் கண் மேசைக்கு அந்தப் பக்கமே போனது. ஆளில்லாத நேரத்திலும் அவர்கள் சும்மா நிற்பதில்லை. முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் கடுதாசியில் சுற்றுவார்கள், உப்புப் போத்தல் நிரப்புவார்கள், தக்காளிச் சோஸ் போத்தல்களின் கழுத்தைத் துடைப்பார்கள். அந்த வேலைக்கு டிப்ஸ் வைக்க ஆளில்லை. பெறாமகள் எங்கேயும் அட்டையில் டிப்ஸ் கொடுக்கவில்லை, கையில் காசாகவே வைத்தாள். அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டு போகலாமே என்பது அவள் நியாயம்.

பயணம் முடிவதற்கு முதல்நாள், இன்னொரு கடையில் பரிமாறிய இளம்பெண் எங்கள் வரைபடத்தைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தாள். சொன்னோம். அந்த வீதியில் இருபது மைல் தள்ளி ஒரு டைனர் இருக்கிறது, காலைநேரத்தில் அங்கே நிற்பது என் அம்மா, அவ ஊற்றுகிற கோப்பி என்னுடையதை விட நல்லது என்றாள்.

அடுத்த நாள் ஏழு மணிக்கே அங்கே போய்ச் சேர்ந்தோம். மகள் அனுப்பினாள் என்றதும் அந்த அம்மா கேட்ட முதற் கேள்வி: "அவள் சாப்பிட்டாளா?"