கிட்டங்கி ரசீது

திண்டுக்கல் பக்கத்து நத்தத்தில் பணம் மாதாமாதம் வருவதில்லை; பருவத்துக்குப் பருவம் வருகிறது. மாசி, பங்குனியில் புளி உலுக்குகிறார்கள். சித்திரையில் தொடங்கி ஆனி வரைக்கும் மாங்காய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால், சட்டை தைக்கிற வீடுகளில் ராத்திரி பதினோரு மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கும். மற்ற மாதங்களைக் கையிருப்பை வைத்து ஓட்ட வேண்டியதுதான். ஆவணியில் கைமாற்றுக் கேட்டுப் போனால், கொடுக்க மனம் இருக்கிறவரிடமும் பணம் இருக்காது.

மாதம் 5ஆம் தேதி கணக்கிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுக்கு ஐயாயிரம் எடுத்துக்கொள்ளும் எஸ்.ஐ.பி. முறை சம்பளக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. கோடிக்கணக்கான பேரைச் சேமிக்க வைத்திருக்கிறது. ஆனால் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிற என் அக்கா மகனுக்கு அது ஒத்துவரவில்லை. ஆனியில் கணக்கில் லட்சக்கணக்கில் கிடக்கும். ஐப்பசியில் குறைந்தபட்ச இருப்புகூட இருக்காது. தவணை திரும்பிப் போகும் ஒவ்வொரு தடவையும் வங்கி ஒரு தொகையை அபராதமாகப் பிடித்துக்கொள்ளும். "சேக்கப் போயி தண்டம் கட்டிக்கிட்டு இருக்கேன் மாமா" என்றான். அவனுக்குத்தான், பங்குகளையோ தங்கத்தையோ மொத்தமாக வைத்து அதன் யூனிட்களைப் பங்குச் சந்தையில் விற்கும் இ.டி.எஃப். பற்றி முதலில் சொன்னேன். பணம் வருகிற அன்றைக்கு வருகிற அளவுக்கு வாங்கலாம். வராத மாதம் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

நான் புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் இந்தச் சங்கதி எனக்குப் புரிந்தது பங்குச் சந்தை வழியாக அல்ல, கிட்டங்கி வழியாக. புளியைக் கொட்டை எடுத்துத் தட்டி கிட்டங்கியில் ஏற்றிவிட்டால், வியாபாரி கையில் இருப்பது ரசீது. விலை ஏறும்போது அந்த ரசீதைக் கைமாற்றினால் போதும். மூட்டையை லாரியில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

இ.டி.எஃப். பிறந்ததே இப்படித்தான் என்று பிறகு படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நேதன் மோஸ்ட் என்கிற அமெரிக்கர் இயற்பியல் படித்தவர். தாவர எண்ணெய் வியாபாரத்தில் நெடுங்காலம் இருந்தவர். பிறகு அமெரிக்கன் பங்குச் சந்தையில் புதுத் திட்டங்களை உருவாக்கும் வேலைக்கு வந்தார். சரக்கைக் கிட்டங்கியில் போட்டுவிட்டு ரசீதை மட்டும் விற்று வாங்குகிற பழக்கத்தைப் பங்குகளுக்கும் கொண்டுவந்தால் என்ன என்பது அவர் யோசனை. ஐந்நூறு கம்பெனிப் பங்குகளை ஒரு இடத்தில் பூட்டி வைத்து, அதன் மேல் ரசீது போட்டுச் சந்தையில் விடுவது. டொரான்டோவில் 1990லேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்தாலும், 1993 ஜனவரியில் வந்த அவருடைய 'ஸ்பைடர்'தான் உலகம் முழுக்கப் பரவியது. இதற்கு முன்னால் அவர் இன்டெக்ஸ் ஃபண்டின் தந்தையான ஜான் போகிளிடம் போய்க் கேட்டிருக்கிறார். நாள் முழுக்க விற்கவும் வாங்கவும் முடியும் என்றால் ஆட்கள் அதைத்தான் செய்வார்கள் என்று பயந்து போகிள் மறுத்துவிட்டார். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் முதல் இ.டி.எஃப்., நிஃப்டி குறியீட்டுப் பங்குகளை வைத்துப் போட்ட நிஃப்டி பீஸ். பெஞ்ச்மார்க் என்கிற சிறிய மும்பை நிறுவனம் கொண்டுவந்தது; 2002 ஜனவரியில் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலானது. அந்த நிறுவனம் 2011இல் கோல்ட்மேன் சாக்ஸ் கைக்குப் போனது, அங்கிருந்து ரிலையன்ஸ், அங்கிருந்து 2019இல் நிப்பான். கிட்டங்கிக்காரர் இத்தனை தடவை மாறியும் உள்ளே இருந்த மூட்டை அப்படியே இருந்தது. 2002இல் வாங்கிப் போட்டவர் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. பெஞ்ச்மார்க் போய்விட்டது, அதன் பெயரிலிருந்து வந்த 'பீஸ்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தங்கத்துக்கும் இதே மாதிரி ரசீது போடலாம் என்று அந்த நிறுவனம் 2002 மே மாதமே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் விண்ணப்பித்தது. அனுமதி வருவதற்குள் 2003இல் ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது. கோல்டு பீஸ் இங்கே வந்தது 2007 மார்ச்சில். இத்தனை தங்கம் வாங்குகிற நாடு தன் யோசனைக்கே வரிசையில் நின்ற கதை இது.

இந்த இரண்டு பழைய ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 2019இல் யூனிட்களைப் பிரித்தபோது, நிஃப்டி பீஸ் யூனிட் ஒன்று நிஃப்டி எண்ணில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு என்று ஆனது. நிஃப்டி 25,000 என்றால் யூனிட் 250 ரூபாய் இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது; 280 பக்கம் இருக்கும். கம்பெனிகள் தருகிற டிவிடெண்டைக் கையில் கொடுக்காமல் உள்ளேயே போட்டுவைப்பதால் மூட்டை கனத்துக்கொண்டே போகிறது. கோல்டு பீஸ் நேர்மாறு. ஒரு யூனிட்டுக்குக் கிராமில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிகிராம் என்பது கணக்கு. இப்போது விலையை வைத்துப் பார்த்தால் எட்டு மில்லிகிராம் சொச்சம்தான் தேறும். தங்கம் குட்டி போடாது. ஆனால் கிட்டங்கிக்காரருக்கு வாடகை உண்டு. அந்த வாடகையைத் தங்கத்தை விற்றுத்தான் எடுக்க முடியும். 2007இலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகையைத்தான் செலவு விகிதம் என்கிறார்கள். நிஃப்டி பீஸில் அது 0.04 சதவீதம் அளவில், ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 40 ரூபாய். கோல்டு பீஸில் 0.8 சதவீதம் அளவில், லட்சத்துக்கு 800. இதைவிடக் குறைவாக எடுக்கிற தங்க இ.டி.எஃப்.களும் சந்தையில் இருக்கின்றன. குறைந்த செலவு என்ற ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். என் கட்சி வேறு. ரசீதை விற்கப் போகிற அன்றைக்கு அதற்கு ஆள் இருக்கிறாரா, நியாயமான விலை தருகிறாரா என்பதுதான் முதல் கேள்வி. வாடகை இரண்டாவது.

ஏனென்றால் இ.டி.எஃப்.க்கு இரண்டு விலை உண்டு. சந்தையில் ஓடுகிற விலை ஒன்று. உள்ளே இருக்கிற சரக்கின் மதிப்பு இன்னொன்று. சந்தை நடக்கும்போதே அந்த உள்மதிப்பை ஐ-நேவ் என்ற பெயரில் ஃபண்டு நிறுவனங்கள் வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. பங்கு ஃபண்டுகளுக்குப் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை மாறும். பெரிய ஃபண்டுகளில் இரண்டு விலைக்கும் வித்தியாசம் பைசாக் கணக்கில்தான் இருக்கும். சின்ன ஃபண்டுகளில்தான் சிக்கல்.

நத்தம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் அக்கா மகன் போனைத் திறந்து ஒரு துறைவாரி ஃபண்டைக் காட்டினான். செலவு குறைவு, போன வருஷ லாபம் அமோகம். நான் லாபத்தைப் பார்க்கவில்லை. ஆர்டர் வரிசையைத் திறக்கச் சொன்னேன். வாங்க நிற்கிறவர் கேட்ட அதிகபட்ச விலை 41.20. விற்க நிற்கிறவர் சொன்ன குறைந்தபட்ச விலை 42.90. உள்மதிப்பு 41.60. இரண்டு பக்கமும் நூற்றுச் சொச்சம் யூனிட்கள்தான் வரிசையில்.

"இப்ப மார்க்கெட் ஆர்டர் போட்டா என்ன வெலைக்குக் கெடைக்கும் மாப்ள?"

"42.90க்கு."

"உடனே விக்கணும்னா?"

கணக்குப் போட்டுவிட்டுப் போனை மேசையில் வைத்தான். நூற்றுக்கு நான்கு ரூபாய் உள்ளே நுழைந்த நிமிடமே போய்விட்டது. 0.2 சதவீதம் வாடகை மிச்சம் என்று பார்த்தவனுக்கு வாசற்படியிலேயே இருபது வருஷ வாடகை. தினசரி லட்சக்கணக்கில் யூனிட் கைமாறுகிற ஃபண்டாகப் பார், விலையை நீயே குறிக்கிற லிமிட் ஆர்டர் மட்டும் போடு, காலை 9.15க்குச் சந்தை திறந்த சூட்டில் கை வைக்காதே என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல அவசியம் இருக்கவில்லை.

விலை எப்போது சரக்கைவிட்டு ரொம்ப விலகும்? புது ரசீது போட முடியாமல் போகும்போது. சாதாரண நாளில், விலை கூடினால் பெரிய கைகள் ஃபண்டு நிறுவனத்திடம் நேராகச் சரக்கைக் கொடுத்துப் புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார்கள். விலை தானாக இறங்கி வரும். அந்த வழி அடைபட்டால் இருக்கிற ரசீதுக்கு அடிதடிதான். வெளிநாட்டுப் பங்குகளில் புதுப் பணம் போடக் கூடாது என்று 2022 தொடக்கத்தில் ஃபண்டு நிறுவனங்களுக்குச் செபி சொன்னது. எழுநூறு கோடி டாலர் வரம்பு நெருங்கிவிட்டது. அமெரிக்க நாஸ்டாக் பங்குகளை வைத்து இங்கே ஓடுகிற ஃபண்டுகள் அதற்கப்புறம் உள்மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்றன. அமெரிக்காவில் விலை ஏறாத நாளில்கூட இங்கே ஏறியது.

2025 தீபாவளி வெள்ளி இதைவிடப் பெரிய கூத்து. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நாட்டில் கட்டி வெள்ளி கிடைக்கவில்லை. வெள்ளி இல்லாமல் புது யூனிட் உண்டாக்க முடியாது. வெள்ளி இ.டி.எஃப்.கள் உள்மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடி விற்றன. கோடக்கில் தொடங்கிப் பல நிறுவனங்கள், வெள்ளி இ.டி.எஃப்.பில் போடுகிற தங்கள் ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தின. விற்கிறவனே வேண்டாம் என்று சொன்ன அந்த வாரம்தான் எங்கள் ஊரிலும் வெள்ளிப் பேச்சு உச்சத்தில் இருந்தது. தீபாவளி முடிந்த கையோடு வெள்ளியும் இறங்கியது. கூடுதல் விலையும் கரைந்தது. அந்த வாரம் வாங்கியவர் இரண்டு இறக்கத்தையும் சேர்த்து வாங்கினார்.

துறைவாரி ஃபண்டுகள் மேல் எனக்கு மரியாதை குறைவு. ஒரு துறை உச்சிக்குப் போன பிறகுதான் அதற்கு ஃபண்டு பிறக்கிறது. பாதுகாப்புத் துறைப் பங்குகளுக்கான இன்டெக்ஸ் ஃபண்டுகள் வந்தது 2024 நடுவில், விலை கொதித்துக்கொண்டிருந்தபோது. அடுத்த மாசிக்குள் அந்தப் பங்குகள் பலமாக அடி வாங்கின. பிறகு ஏறியது உண்மைதான். ஆனால் மாங்காய் விலை பார்த்தே தூக்கம் கெடுகிற மனுஷனுக்கு இன்னொரு தூக்கக் கேடு எதற்கு? நிறைய வாங்கினால் பரவலாக இருக்கும் என்பதும் மயக்கம். நிஃப்டி எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிதித்துறைதான். நிஃப்டி பீஸோடு, வங்கிப் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் பேங்க் பீஸும் வாங்கினால், அதே எச்.டி.எஃப்.சி. வங்கியையும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியையும் இன்னொரு தடவை வாங்குவதுதான்.

தெரியாமலே இ.டி.எஃப்.பில் பணம் இருக்கிறவர்களும் உண்டு. ஷேர் மார்க்கெட் என்றாலே ஆகாது என்கிற நூற்பாலைத் தொழிலாளிகள் திண்டுக்கல் பக்கம் ஏராளம். 2015 ஆகஸ்டிலிருந்து அவர்களுடைய பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு நிஃப்டி, சென்செக்ஸ் இ.டி.எஃப்.களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதம் என்று தொடங்கி, 2017இல் 15 சதவீதம் ஆனது. சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

என் அக்கா சட்டை தைக்கிற யூனிட் வைத்திருக்கிறாள், பத்து மெஷின். தீபாவளி ஆர்டர் பணம் வந்ததும், "தம்பி, பவுன் விக்கிற வெலையில நகை வாங்குனா செய்கூலி சேதாரமே தலைய வாங்குது. அந்தத் தங்க ஃபண்டு வாங்கட்டுமா?" என்று கேட்டாள். கூலியும் சேதாரமும் மிச்சம் என்பது சரிதான். ஆனால் அவளுக்குத் தங்கம் எதற்கு என்று எனக்குத் தெரியும். துணி வாங்கப் பணம் பற்றாமல் போகிற மாதத்தில், கழுத்துச் சங்கிலி கடைத்தெரு வட்டிக்கடைக்குப் போய் அரை மணியில் பணமாகத் திரும்பும். தங்க இ.டி.எஃப்.பை வைத்துக் கடன் தர ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளில் இடம் இல்லை. விற்கத்தான் முடியும், விற்றாலும் பணம் மறுநாள்தான் வரும். கிட்டங்கி ரசீதை அடகு வைக்கலாம், இந்த ரசீதை முடியாது. இதைச் சொன்னதும் அக்கா யோசிக்கவே இல்லை.

"அப்ப அது எனக்கு எதுக்குடா?"

பாதிப் பணத்துக்கு இரண்டு வளையல் எடுத்தாள், செய்கூலியைத் திட்டிக்கொண்டே. மீதியை நிஃப்டி பீஸில் போட்டாள். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. தாண்டி விற்றால், பங்கு லாபம் மொத்தத்தில் வருஷத்துக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 என்று சொல்லி வைத்தேன். டீமேட் கணக்குக்கு வருஷக் கட்டணம் உண்டா, விற்கும்போது தனியாகப் பிடிப்பார்களா என்று அவளே தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பொங்கல் ஆர்டர் பணம் வந்தால் இன்னும் கொஞ்சம் வாங்குவாளாம். இன்றைக்கு என்ன விலை என்று இதுவரை கேட்கவில்லை. அவள் மகன்தான் தினமும் கேட்கிறான்.