திஸ்காபா குன்றின் கறுப்புத் தொப்பி

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் எங்கே நின்றாலும் கெரில்லாத் தலைவர் சாண்டினோவின் சிலை தெரியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருவில் இறங்கினால் பாதி இடங்களில் மரமும் மின்கம்பியும்தான் தெரிகின்றன. பிரமிடுபோலச் சரிந்து நிற்கும் ஹோட்டலைக் கடந்து, திஸ்காபா குன்றுச் சாலையில் திரும்பிய பிறகே அந்த அகலத் தொப்பி கண்ணில் பட்டது. மேலே விட டாக்ஸிக்காரர் 100 கோர்டோபா கேட்டார். நடந்தேன். ஏற்றம் குறைவுதான், வெயில்தான் அதிகம். 30 கோர்டோபாவுக்கு வாங்கிய தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்தது.

உச்சியில் 18 மீட்டர் உயரக் கறுப்பு உருவம். எதிரே நின்றால் கனத்த ஆள். பக்கவாட்டில் நகர நகர மெலிந்துகொண்டே போய், கடைசியில் வெறும் தகடு. பின்பக்கம் இரும்பு முட்டுகள். நம்மூர் தியேட்டர் வாசல் கட் அவுட்டேதான், எஃகில். கண், மூக்கு எதுவும் இல்லை. தொப்பியே ஆளைச் சொல்லிவிடுகிறது. இந்தக் குன்றில் இருந்த ஜனாதிபதி மாளிகையில்தான் 1934 பிப்ரவரி 21 இரவு சாண்டினோ விருந்து உண்டார். இறங்கும்போது தேசியக் காவல்படை பிடித்துப்போய்ச் சுட்டது. அருகே ஒரு குட்டி டாங்கி, முசோலினி அந்தக் காவல்படையின் தலைவர் சோமோசாவுக்குக் கொடுத்தது என்கிறார்கள். என் தோளுயரம்கூட இல்லை.

உருவத்தை வடிவமைத்தவர் எர்னெஸ்டோ கார்டெனால். 1965இல் கத்தோலிக்கக் குரு, சாண்டினோவின் பெயரில் நடந்த 1979 புரட்சிக்குப் பின் பண்பாட்டு அமைச்சர். 1983இல் மனாகுவா விமான நிலையத்தில் மண்டியிட்ட அவரைப் போப் இரண்டாம் ஜான் பால் விரலை ஆட்டிக் கண்டித்த படம் உலகம் சுற்றியது. அரசுப் பதவியை விடாததால் பிறகு குருப்பணிக்குத் தடை. அது நீங்க 2019 ஆனது. பாதிரியார், அப்புறம் அமைச்சர், அப்புறம் சிற்பி என்று வரிசைப்படுத்துவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குருவாகும் முன்பே அவர் சிற்பம் செய்தவர். கொக்கானாலும் கள்ளியானாலும் வேண்டாததைக் கழித்து வெளிக்கோட்டை நிறுத்துகிற கை அது. இங்கேயும் அதே கைதான்.

பக்கத்தில் சுருள் கிளைகளோடு மஞ்சள் உலோக மரங்கள். 2013 முதல் ஜனாதிபதி ஒர்தேகாவின் அரசு நகரெங்கும் நட்ட வகை. ஒர்தேகாவின் அமைச்சராக இருந்த கார்டெனால் 1994இல் சாண்டினிஸ்டா கட்சியை விட்டார். கடைசிவரை ஒர்தேகாவைச் சாடினார். மரங்கள் சிலைக்கு அழகு என்றார் அங்கிருந்த ஒருவர். போட்டிக்கு நிற்பதாகத்தான் எனக்குப் பட்டது.

தெற்கே எரிமலைவாய் ஏரிக்கு அப்பால் பேராலயத்தின் குவிமாடங்கள். 63 என்பது கணக்கு; எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். 2020 மார்ச்சில் அங்கே கார்டெனாலின் இறுதித் திருப்பலியில் அரசு ஆதரவாளர்கள் ‘துரோகி’ என்று கத்தினார்கள். அஸ்தியை நிகராகுவா ஏரியின் தென்கோடிக்கு, அவர் விவசாயிகளோடு வாழ்ந்த சொலென்டினாமே தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போக, ஏறத்தாழ 300 கி.மீ. தள்ளியிருக்கும் சான் கார்லோஸில் படகு பிடிக்க வேண்டும். பஸ் மயோரேயோ சந்தையிலிருந்து கிளம்புகிறது.